பிள்ளை பேசும்போது: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுக்குச் செல்லும் தந்தையர் பலர் அந்த 61 நாட்களும் கரையில்தான் இருப்பார்கள். கோடை விடுமுறையும் அதற்குள்ளேயே வருகிறது. படகுப் பழுது, வலை சீரமைப்பு, கடன் கவலை எல்லாம் இந்நாட்களில் கூடுதல் என்பதை அறிவேன். ஆயினும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை பேசத் தொடங்கினால், முடிக்கும்வரை பதில் சொல்லாதீர்கள்.

"கணக்கு வகுப்பு பிடிக்கவில்லை" என்று மகன் சொன்னவுடன், "ஒழுங்காகப் படித்தால் ஏன் பிடிக்காது?" என்ற பதில் நம் வாயில் தயாராக இருக்கிறது, ஆசிரியர்களுக்கு அது இன்னும் விரைவாகவே வரும். கரும்பலகை எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்பதோ, பக்கத்திலிருப்பவன் கேலி செய்கிறான் என்பதோ, அம்மா கடற்பாசி எடுக்கப் போகும் நாட்களில் விடியுமுன் எழுந்து தம்பியைப் பார்த்துக்கொள்வதால் வகுப்பில் கண் சொருகுகிறது என்பதோ, அவன் சொல்லவரும் மூன்றாவது, நான்காவது வாக்கியத்தில்தான் இருக்கும். முதல் வாக்கியத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டால் அடுத்த முறை அவன் வாய் திறப்பதில்லை. அதை அடக்கம் என்று நாமும் மெச்சிக்கொள்கிறோம். கைபேசியைப் பார்த்தபடி 'ம்' கொட்டுவதும் ஏறத்தாழ இதே பலனைத்தான் தரும்.

கடலுக்குப் போகுமுன், வாடைக் காற்று எப்படி, நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று முந்தைய நாள் போய்வந்தவரிடம் விசாரிக்கும்போது, அவர் இளையவரே ஆனாலும் நீங்கள் குறுக்கே பேசுவதில்லை. அவர் பார்த்ததை நீங்கள் பார்க்கவில்லை என்பதே காரணம். பிள்ளையின் வகுப்பறையையும் நீங்கள் பார்த்ததில்லை.

காதுகொடுப்பது என்றால் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பது அன்று. பைக் கேட்கும் பதினான்கு வயதுப் பையனுக்கு மறுப்புத்தான் சரியான பதில். அவன் ஏன் கேட்கிறான் என்று அறிந்த பின் மறுக்கலாம். ஆனால் யாரோ அடித்ததாகவோ, தகாத முறையில் தொட்டதாகவோ பிள்ளை சொன்னால், "நீ ஏன் அங்கே போனாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முழுதும் சொல்ல விடுங்கள்; பிறகு என்னிடமோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ தெரிவியுங்கள்.

விடுமுறைக்கு முந்தைய பெற்றோர் கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் ஆசிரியர்கள் பேசமாட்டார்கள். பிள்ளையைப் பற்றி நீங்கள் சொல்வதை வகுப்பாசிரியர் எழுதிக்கொள்வார். காலையில் மீன் விற்கப் போகும் தாய்மார்கள் மாலை நான்கு மணிக்கு மேல் வரலாம்; அவர்கள் வரும்வரை பள்ளியில் இருப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்