மக்கள் நலவாழ்வு டாக்டர்களுக்கு மட்டுமான படிப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மக்கள் நலவாழ்வு பற்றிய ஆன்லைன் கோர்ஸ்களைப் பற்றி நீங்கள் போன ஞாயிறு போட்ட கட்டுரையை மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில் உட்கார்ந்து படித்தேன். டாக்டர், நர்ஸ், வெளிநாட்டு வேலை, சான்றிதழ் என்றே கடைசிவரை போகிறது. நான் ரிட்டையரான தமிழ் வாத்தியார், இனி வேலைக்குப் போகப்போவதில்லை, ஆனாலும் ஆறு வாரக் கோர்ஸ் ஒன்றை உட்கார்ந்து முடித்தேன். பாடம் இலவசம், சான்றிதழுக்குத்தான் காசு. அது எனக்கு எதற்கு?

மூன்றாவது வாரத்தில் ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1985-இல் எழுதியது பாடமாக வந்தது. நோய் வரும் ஆபத்து ரொம்ப அதிகமாக இருக்கிற சிலரைத் தேடிப்பிடித்து மருந்து கொடுப்பது ஒரு வழி, ஊர் மொத்தத்துக்கும் ஆபத்தைக் கொஞ்சம் குறைத்தால் தப்பிக்கிறவர்கள் இன்னும் அதிகம் என்கிறார். வீடியோவை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டு ரேஷன் எண்ணெயை நினைத்துக்கொண்டேன். அதில் பெரும்பாலும் கொலஸ்ட்ராலை ஏற்றுகிற கொழுப்பு அதிகமுள்ள பாமாயில்தான் இருந்தது, 1987-இல் அரசாங்கம் அதை முழுக்க சோயா எண்ணெயாக மாற்றியது. யாரையும் பத்தியம் இருக்கச் சொல்லவில்லை. அம்மா வழக்கம்போல காத்தோ பிமா சுட்டார்கள் (உங்கள் பருப்பு வடைதான், இங்கே பன்னுக்குள் வைத்துத் தின்போம்), நாங்களும் வழக்கம்போலத் தின்றோம். 1992 சர்வேயில் பார்த்தால் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருக்கிறது, உங்கள் ஊர் லேப் கணக்கில் ஏறக்குறைய 213 போய் 182. எல்லாம் எண்ணெயால்தான் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சர்க்கரை நோய்தான் குறையவில்லை, இன்றைக்கும் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது.

அப்புறம் ஒரு குறை. பிரிவலன்ஸ் (இப்போது நோயோடு இருக்கிறவர்களின் அளவு), இன்சிடென்ஸ் (புதிதாக நோய் வருகிறவர்களின் அளவு) இரண்டையும் உங்கள் கட்டுரை 'நோய்ப் பரவல்' என்றே எழுதிவிட்டது. எனக்குக் கோர்ஸில் ஒரு வாரம் போனதே இந்த வித்தியாசத்தில்தான். தொட்டியில் இப்போது நிற்கிற தண்ணீர் முதலாவது, குழாயிலிருந்து புதிதாக விழுகிறது இரண்டாவது. நல்ல வைத்தியம் கிடைத்துச் சர்க்கரைக்காரர்கள் நீண்ட நாள் இருந்தாலும் தொட்டி மட்டம் ஏறும். புதிதாக நிறையப் பேருக்கு நோய் வருகிறது என்று அதற்கு அர்த்தமில்லை. எனக்கு இங்கிலீஷும் பிரெஞ்சும் தெரியும், சமாளித்துவிட்டேன். தமிழில் மட்டும் படிக்கிறவர் உங்கள் வரியைத்தானே நம்புவார்? நான் இப்போதைக்கு 'இருப்பு', 'புதுவரவு' என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். கடைக் கணக்கு மாதிரி இருக்கிறது என்று என் பேத்தி சிரிக்கிறாள், இதைவிட நல்ல சொல் உங்கள் வாசகர்களிடம் இருந்தால் போடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ரோஸ்ஹில், மொரீஷியஸ்