அம்மாவின் கண்ணுக்குச் சீக்கிரம் தேதி கிடைக்கச் செய்தவர்களுக்கு

அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் உள்ளவர்களுக்கும், எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தாருக்கும் அன்பான வணக்கம்.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. இப்போது தானே அரிசியில் கல் பொறுக்குகிறார், பேருந்தின் ஊர்ப் பலகையைப் படித்துச் சொல்கிறார். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் அம்மாவுக்குக் கோடி நன்றி.

கைதேர்ந்த டாக்டருக்குப் புரை எடுப்பது கால் மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. மாதக்கணக்கில் இழுப்பது அதற்கு முந்தைய வேலைகள்தான். சுகர் ஏறியிருந்தால் தேதி தள்ளிப்போகும், பி.பி. கூடினாலும் அப்படியே. கண்ணீர்ப் பையில் சீழ் இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். முன்பு வேறொரு மருத்துவமனையில் அம்மாவை இப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். அன்றைக்கு அவருக்கு ஒதுக்கிய இடமும் வேறு யாருக்கும் பயன்படாமல் போகும்.

இந்த முறை அப்படி நடக்காததற்குக் காரணம், எங்கள் சுகாதார நிலையத்துக்கு வரும் கண் மருத்துவ உதவியாளர் சார். சுகர், பி.பி., கண்ணீர்ப் பை எல்லாவற்றையும் உள்ளூரிலேயே பார்த்து, தயாரானவர்களுக்கு மட்டும் தேதி கேட்டு வாங்கினார். அம்மாவுக்கு அப்போது சுகர் கட்டுப்படவில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுவீடாக வரும் அக்கா, மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் இல்லை. நின்று, விழுங்க வைத்து, ராத்திரி என்ன சாப்பிட்டாய் ஆத்தா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். அம்மாவின் சுகர் இறங்கியது அவரால்தான்.

தியேட்டர் சிஸ்டர்களே, ஒருவருக்குச் சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயாராக வைத்திருந்தீர்கள் என்று அம்மா வியந்து வியந்து சொல்கிறார். மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் பெயரை உலகம் அறியச் செய்த முறைகளில் இதுவும் ஒன்று. அதே மதுரையில் 1992 முதல் ஆரோலேப் என்ற நிறுவனம் குறைந்த விலையில் லென்ஸ் தயாரிக்கிறது. எங்கள் பாட்டி காலத்தில் புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைக்காமலே அனுப்புவார்கள். சாகும்வரை சோடாபுட்டிக் கண்ணாடிதான். அதை நினைத்தால் மதுரைக்காரர்களுக்கும் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விடிவதற்குள் வேனில் ஏற்றி, மறுநாள் கட்டுப் பிரித்ததும் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட டிரைவர் அண்ணனுக்கும் நன்றி. சொட்டு மருந்து எந்த வேளைக்கு என்று பெரிய எழுத்தில் எழுதித் தந்த சிஸ்டருக்கு அம்மா தனியாகச் சொல்லச் சொன்னார்.

ஒரே ஒரு வேண்டுகோள். லென்ஸ் பவர் அளக்க மட்டும் இன்னும் மாவட்டத் தலைநகருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அந்தக் கருவியும் மாதம் ஒருமுறையாவது இங்கே வந்தால் அந்த அலைச்சலும் மிச்சமாகும். அம்மாவின் இடது கண்ணுக்குத் தேதி கொடுத்துவிட்டீர்கள். அப்புறம், எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பெரியவர்கள் பயந்துகொண்டே இருந்தார்கள். அம்மாவைப் பார்த்தபின் சம்மதித்துவிட்டார்கள். சார் அடுத்த முறை வரும்போது அவர்களையும் கூட்டி வருகிறோம்.

நன்றியுடன்,
அம்மாவும் மகளும்