முதல் அழைப்பை எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குடும்ப வன்முறை உதவி மையங்களை நடத்துவோருக்கு,

வணக்கம். துணைவனிடம் அடிபடும் பெண்கள் பெரும்பாலும் முதலில் உங்களைத் தேடி வருவதில்லை. அம்மாவிடமோ தோழியிடமோ சொல்லிப் பார்க்கிறார்கள். பலர் யாரிடமும் வாய் திறப்பதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தரவு கிடைத்த பெரும்பாலான நாடுகளில் வன்முறைக்கு ஆளான பெண்களில் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்களே ஏதேனும் உதவி நாடியிருக்கிறார்கள். அவர்களிலும் காவல்துறையை அணுகியவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. உங்களை அழைப்பவள் அவ்வளவு தயக்கத்தைத் தாண்டி வந்தவள்.

வந்தவுடன் "அடிக்கிறான்" என்று சொல்லிவிட மாட்டாள். பிரிந்தால் குழந்தை யாரிடம் இருக்கும் என்று கேட்பாள். தோழிக்காக விசாரிப்பதாகச் சொல்வாள். நீங்கள் நம்பத் தகுந்தவர்தானா என்று பார்க்கிறாள். அந்த நேரத்தில் "ஏன் இன்னும் அவனோடு இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி வந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். பிரிய முயலும் காலத்திலும் பிரிந்த உடனேயும்தான் கொலை அபாயம் கூடுகிறது. அவளுடைய அச்சத்தில் கணக்கு இருக்கிறது. அவனை உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கேட்க வேண்டியவை வேறு. இப்போது பேசுவது பாதுகாப்பா? உங்கள் கைபேசியை அவன் பார்ப்பானா? திரும்ப அழைக்கலாமா, எப்போது? கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று: கழுத்தை நெரித்திருக்கிறானா? தானாக இதைச் சொல்பவர்கள் குறைவு. வெளியே தழும்பு தெரியாமலே போகலாம், உள்ளே காயம் இருக்கலாம். துணைவன் கழுத்தை நெரித்த பெண் பின்னாளில் அவனாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு கூடுகிறது என்று 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இதைக் கேட்காமல் ஓர் அழைப்பையும் முடிக்காதீர்கள்.

இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமரசம் பேசும் வழக்கம் எனக்குக் கோபமூட்டுகிறது. அவன் பக்கத்தில் இருக்கும்போது அவள் எப்படி உண்மையைச் சொல்வாள்? சொன்னால், வீடு திரும்பியபின் அவளை யார் காப்பது?

திரும்பி அவனிடமே போனவளின் கோப்பை மூடிவிடாதீர்கள். பலர் ஒரே முறையில் வெளியேறுவதில்லை. அடுத்த முறை அவள் அழைக்கும்போது முழுக் கதையையும் மீண்டும் சொல்ல வைக்காமல் பேச ஒருவர் வேண்டும். அதற்கு உங்கள் மையத்தில் என்ன ஏற்பாடு இருக்கிறது? தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
இப்பெண்களுக்குத் துணையாக வரும் ஒருத்தி