பக்கத்து வீட்டு மீட்டர், என் பெயரில் பில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாளையாறு சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் இருக்கிறோம். இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கோவைப் பதிப்பைத்தான் படிக்கிறோம். எங்கள் தெருவுக்குக் குழாய் கேஸ் வந்து கொஞ்ச காலம் ஆகிறது. கோவைப் பக்கமும் இப்போது வீடுகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். அதனால் அங்கே இருப்பவர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு பில். எங்கள் ஐந்து பேர் சமையலுக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாயை ஒட்டி வரும். இந்த முறை வந்தது ஆறாயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குளிக்கிற வெந்நீருக்குக்கூட அடுப்பு வேண்டியிருக்கிறதே என்று என் மனைவி மகனைப் பார்த்துச் சொன்னாள். அவன் ஜி.எஸ்.டி.யை ஏற்றிவிட்டார்கள் என்றான். சிலிண்டருக்குத்தான் ஜி.எஸ்.டி., அதுவும் ஐந்து சதவீதம். குழாயில் வரும் இயற்கை எரிவாயு 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே பெட்ரோல், டீசலோடு அதற்கு வெளியே வைக்கப்பட்டது. இன்றும் அதற்கு மாநிலத்தின் வாட் வரிதான். எந்த வரியாக இருந்தாலும் ஒரே பில்லில் ஐந்து மடங்கு ஏறாது. பில்லில் யூனிட் விலையைப் பார்த்தேன், பழைய விலையேதான். ஏறியிருந்தது யூனிட். போன ரீடிங் 412, இப்போதைய ரீடிங் 541, ஆக 129 யூனிட் செலவு என்று போட்டிருந்தார்கள். எங்கள் வழக்கமான செலவு 25.

பதினாலு கிலோ சிலிண்டர் ஒன்று செய்கிற வேலைக்குக் குழாய் கேஸ் சுமார் பதினெட்டு யூனிட் பிடிக்கும். அப்படியென்றால் இரண்டு மாதத்தில் ஏழு சிலிண்டரைத் தீர்த்திருக்கிறோம்! பெரிய பர்னரை முழுசாகத் திறந்து வைத்தாலும் மணிக்குக் கால் யூனிட்டுக்கு மேல் போகாது. கூடுதலாக வந்த நூறு யூனிட்டை எரிக்க, வழக்கமான சமையல் போக தினமும் ஆறேழு மணி நேரம் அந்த அடுப்பு எரிந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டில்கூட அது ஒரு நாள் கூத்துதான்.

கசிவாக இருந்தால்? பயம் இருந்தது, அதனால் அதைத்தான் முதலில் பார்த்தோம். இதை யார் வீட்டிலும் செய்யலாம். மீட்டரில் கறுப்புக் கட்டத்தில் இருப்பது முழு யூனிட், அதாவது கன மீட்டர். அதற்கு அடுத்த சிவப்புக் கட்டம் மூன்றும் புள்ளிக்குப் பின்னால் வருபவை. கடைசிச் சிவப்பு எண் ஒன்று நகர்ந்தால் ஒரு லிட்டர் கேஸ் போயிருக்கிறது என்று அர்த்தம். ராத்திரி சமையல் முடிந்ததும் அடுப்புக் குமிழ்களை மூடிவிட்டு, மீட்டர் பக்கத்து வால்வை மட்டும் திறந்தே வைத்து, சிவப்பு எண்களைக் குறித்துக்கொண்டேன். நூறு யூனிட் என்பது ஒரு லட்சம் லிட்டர். இரண்டு மாதத்தில் அவ்வளவு கசிந்திருந்தால் மணிக்கு எழுபது லிட்டர் கணக்காகிறது, அரை மணியில் கடைசி எண்கள் முப்பத்தைந்து லிட்டராவது நகர்ந்திருக்க வேண்டும். பேத்தி டார்ச் பிடித்தாள், நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு லிட்டர்கூட நகரவில்லை. மருமகள் சோப்பு நுரையை ஒவ்வொரு மூட்டிலும் தடவிப் பார்த்தாள், அதிலும் குமிழி இல்லை. அவ்வளவு கேஸ் வெளியே போயிருந்தால் அதில் கலந்திருக்கும் வாசனை மருந்தின் நாற்றத்துக்கு ஒரு நாள்கூட வீட்டில் இருந்திருக்க முடியாது.

இதற்கெல்லாம் நடுவில் அந்தக் கறுப்பு எண்களையும் பார்த்தேன். 438. பில்லில் இருப்பது 541. மீட்டர் பின்னோக்கி ஓடாது. இன்னும் நூறு யூனிட் எரித்தால்தான் எங்கள் மீட்டர் அந்த எண்ணைத் தொடும். அதற்கு இப்போதே பில் வந்துவிட்டது.

சரி, 541 எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே மதில். இரண்டு மீட்டரும் அதில் அடுத்தடுத்துத்தான் மாட்டியிருக்கின்றன. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுச் சேச்சியைக் கூப்பிட்டு அவர்கள் மீட்டரைப் பார்த்தால் 542. எட்டுப் பேர் சாப்பிடுகிற வீடு, கூடத்தான் ஆகும். அவர்கள் பில்லையும் வாங்கிப் பார்த்தேன். போன ரீடிங் 498. இந்த முறை ரீடிங்கே எடுக்காமல், சராசரி என்று போட்டு வழக்கமான தொகை வந்திருந்தது. எங்கள் 437ஐ அவர்கள் கணக்கில் ஏற்றப் பார்த்திருப்பார்கள். முன்பைவிடக் குறைந்த எண் என்றதும் கம்ப்யூட்டர் அதைத் தள்ளிவிட்டுச் சராசரியைப் போட்டிருக்க வேண்டும். சேச்சிக்குச் சந்தேகமே வரவில்லை, வர வேண்டிய தொகைதானே வந்திருக்கிறது. முன்பெல்லாம் வருகிற ஆள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி நோட்டில் எழுதிக்கொண்டு போவார். இப்போது வருகிற பையன் மதிலுக்கு வெளியே நின்றபடியே செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

அப்புறம்தான் உண்மையான அலைச்சல். கேஸ் கம்பெனியின் தொலைபேசியில் மலையாளத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, இந்திக்கு மூன்று. இத்தனை தமிழர்கள் இருக்கும் ஊரில் நாலாவதாக ஒரு எண் கிடையாது. எனக்கு மலையாளம் தெரியும், பேசினேன். பில்லை முதலில் கட்டிவிடுங்கள், தவறாக இருந்தால் அடுத்த பில்லில் கழித்துக்கொள்வோம் என்றார் அந்தப் பெண். என் மீட்டரில் இல்லாத எண்ணுக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் அதே வாக்கியம்தான் பதிலாக வந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அவர் முன்னால் இருக்கும் திரையில் அதுதான் எழுதியிருக்கும்.

மகனை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போனேன். ரீடிங் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னால், வாடிக்கையாளருக்குக் காட்டுகிற வழக்கம் இல்லை என்றார்கள். வழக்கம் இல்லை என்றால் எழுதிக் கொடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஓர் இளைஞர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். மீட்டரின் நெற்றியில் வரிசை எண் தெளிவாக இருந்தது. கடைசி இரண்டு இலக்கம் 86. எங்களுடையது 68. அந்த இளைஞர் நல்லவர், ஒன்றும் பேசாமல் குறித்துக்கொண்டார். சில நாளில் திருத்திய பில் வந்தது.

கம்பெனிக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எடுத்த படத்தை மீட்டர் எண் தெரியும்படி பில்லோடு சேர்த்தே அனுப்பட்டும். ரீடிங்கைப் பற்றிப் புகார் வந்தால், ஆள் வந்து பார்க்கிறவரை வழக்கமான தொகையை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கும் வயதானவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நேர்ந்திருந்தால் பணம் போனதே தெரிந்திருக்காது. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2010லேயே இந்தக் கம்பெனிகளின் சேவைத் தரத்துக்கு விதிமுறை போட்டிருக்கிறது. படத்தைப் பில்லோடு தர வேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

வாசகர்களுக்கு ஒன்று. பில் கூடுதலாக வந்தால் உடனே மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், வரிசை எண்ணும் படத்தில் விழட்டும். கம்பெனி கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

நானும் அங்கே போக வேண்டியிருக்கலாம். திருத்திய பில்லில் யூனிட் சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஆறாயிரத்து எழுநூறை உரிய தேதியில் கட்டவில்லை என்று ஒரு தாமதக் கட்டணம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதை நீக்கச் சொல்லி விரைவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர்கீப்பர்,
கஞ்சிக்கோடு, பாலக்காடு மாவட்டம்.