எந்தப் பிரிவு என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள கண்ணுக்கு,

சங்ககிரியிலிருந்து அப்பா எழுதுவது. சவுதியில் உன் எண்ணெய் நிறுவனத்தில் பயிற்சி முடிந்ததும் உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் கச்சா எண்ணெய் வழங்கும் பிரிவா, ஏற்றுமதிப் பிரிவா என்று உன்னையே சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், உன் மனம் ஏற்றுமதியின் பக்கம் சாய்கிறது என்றும் எழுதியிருந்தாய். முதலில் ஆலைகளின் பக்கம் போ என்பதே என் எண்ணம். எண்ணெய் டெப்போவில், தொட்டியில் இறக்கி அளவு பார்க்கும் டிப் ராடு என்ற கோலைப் பிடித்தே காலத்தைக் கழித்த மனுஷன் சவுதி எண்ணெயைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறார் என்று உன் அம்மா கேட்கிறாள். காரணத்தை எழுதுகிறேன், ஏற்பதும் விடுவதும் உன் பாடு.

ஏற்றுமதிக்கு ஒரு கவர்ச்சி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சவுதியின் ராஸ் தனூரா துறைமுகத்தில் நிற்கும் பெருங்கப்பல் ஒன்று ஏறத்தாழ 20 லட்சம் பீப்பாய் ஏற்றிக்கொள்கிறது. பீப்பாய்க்கு 159 லிட்டர் என்று போட்டால், நம் ஊர் 20,000 லிட்டர் டேங்கர் லாரிகள் கிட்டத்தட்ட 16,000 வரிசையில் நிற்க வேண்டும். ஆசியாவுக்கான எண்ணெய்க்கு ஓமன், துபாய் விலைகளின் சராசரியோடு எவ்வளவு கூட்டப்படும், எவ்வளவு குறைக்கப்படும் என்று மாதந்தோறும் வரும் அறிவிப்புக்குச் சந்தையே காத்திருக்கிறது. ஆனால் அந்த விலையை முடிவு செய்பவர்கள் உனக்கு வெகு மேலே இருப்பவர்கள். ஒப்பந்தம் போட்டு வாங்குபவர் கேட்ட அளவையும் கப்பல் வரும் தேதியையும் பொருத்துவதே புதிதாகச் சேர்பவர்களுக்கு வாய்க்கும் வேலை; அந்தத் தேதியில் அந்த ரக எண்ணெய் தொட்டியில் இருக்குமா என்பதற்கு விடை ஆலைகளுக்கு வழங்கும் பிரிவில்தான் இருக்கிறது.

கிணற்றிலிருந்து வருவது நேரே கப்பலுக்குப் போவதில்லை அல்லவா? அப்கைக் என்ற ஊரின் பதப்படுத்தும் நிலையத்தில், எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுவையும் நச்சான ஹைட்ரஜன் சல்பைடையும் பிரித்தெடுத்த பிறகே, ஒரு பகுதி கிழக்கே வளைகுடாத் துறைமுகங்களுக்கும், ஒரு பகுதி பாலைவனத்தின் குறுக்கே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் குழாயில் செங்கடல் ஓரத்து யான்புவுக்கும் போகிறது. வளைகுடாவின் குறுகிய வாயிலான ஹோர்முஸ் நீரிணையைத் தொடாமல் ஏற்றுமதி செய்ய அவர்களுக்கு உள்ள பெரிய வழி அதுதான். ரியாத் ஆலைக்குக் கடலே கிடையாது, குழாய் நின்றால் ஆலையும் நின்றது. கப்பலென்றால் தாமதக் கட்டணத்தைக் கட்டி இரண்டு நாள் நங்கூரத்தில் நிறுத்திவைக்கலாம். ஓடும் ஆலையை அப்படி நினைத்தபோது நிறுத்தவும் முடியாது, நினைத்தபோது கிளப்பவும் முடியாது. அதோடு ரகப் பிரச்சினை வேறு. ஜுபைலிலும் யான்புவிலும் உள்ள புதிய ஆலைகள் கந்தகமும் எச்சமும் மிகுந்த கன ரகத்தை உடைத்துப் பிரிப்பதற்கென்றே கட்டப்பட்டவை. உள்ளூரில் எந்த ரகம் எவ்வளவு செலவாகிறது, கோடையில் மின் நிலையங்கள் கச்சா எண்ணெயையே எவ்வளவு எரிக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் வெளியே விற்க மிஞ்சுவது எது என்று தெரியவரும்.

2019 செப்டம்பர் 14 அன்று அப்கைக் தாக்கப்பட்டபோது நாளொன்றுக்கு ஏறத்தாழ 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றுபோனது. அப்படியும் ஏற்றுமதி அடியோடு முடங்கவில்லை. இருப்புத் தொட்டிகளைத் திறந்தார்கள், சில வாங்குவோருக்கு லைட் ரகத்துக்குப் பதில் கன ரகத்தைக் கொடுத்தார்கள், உள்நாட்டு ஆலைகளின் ஓட்டத்தையும் குறைத்தார்கள். எந்த ஆலையை எவ்வளவு குறைத்தால் தாங்கும் என்று அறிந்தவர்கள் இருந்ததால்தான் கப்பல்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடிந்தது என்பது என் கணிப்பு.

எனக்குத் தெரிந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னை மணலி ஆலையில் பிரித்த டீசல் குழாய் வழியாகச் சங்ககிரிக்கு வந்து, இங்கே லாரியில் ஏறும்போது, டிப் ராடில் எண்ணெய் பட்ட மட்டத்தைக் காட்டும் பேஸ்ட் தடவி இறக்கி, நனைந்த அடையாளத்தை வெயிலில் உலரும் முன் படித்து, வெப்பநிலையும் அடர்த்தியும் எடுத்து, அளவை 15 டிகிரி செல்சியஸில் இருக்கக்கூடிய அளவாகத் திருத்துவோம். பத்து டிகிரி ஏறினால் 20,000 லிட்டர் டீசல் 150 லிட்டருக்கு மேல் விரிந்துவிடும். அதை அறியாத லாரிக்காரர்கள் மாலையில் வந்து சண்டை பிடிப்பார்கள். உன் பெருங்கப்பலில் ஒரே ஒரு டிகிரிப் பிழை ஆயிரம் பீப்பாய்க்கு மேல் போய் நிற்கும். இந்தக் கணக்கு ஆலைத் தொட்டிகளின் மேல் ஏறி நின்று பழகினால் கைக்கு வரும்; ஏற்றுமதி மேசையில் அது ஆய்வாளர் கையெழுத்திட்ட தாளாகவே வந்து சேரும். இரண்டு ஆண்டு ஆலைகளின் பக்கம் இருந்துவிட்டு மாற்றம் கேள், மறுக்க மாட்டார்கள்.

அங்கே தொட்டியின் மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் வெப்பநிலை எடுக்கிறார்களா, அல்லது கருவியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதா என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா