திங்கட்கிழமைப் பாய்ச்சல்

திருகோணமலை

அன்பின் சிவா,

நலம். இங்கே வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. பயறு விதைத்து, காலையில் தண்ணீர் விட்ட யோகட் கோப்பை மத்தியானத்துக்குள் காய்ந்து போகிறது. மலைநாட்டு ஹட்டனில் நீ ஸ்வெட்டரோடு இதை வாசித்துக்கொண்டிருப்பாய்.

உன் தரம் 7 பிள்ளைகள் பயற்றஞ்செடியின் உயரத்தை நாளுக்கு நாள் அளந்து கீறிய வரைபைப் பார்த்தேன். ஓரிடத்தில் கோடு சட்டென்று நிமிர்கிறது. "இங்கே செடி வேகமாக வளர்ந்துள்ளது" என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அது செடியின் வேலை இல்லை மச்சான், வாரவிடுமுறையின் வேலை. வியாழன் 4.9 செ.மீ., வெள்ளி 6.9, திங்கள் 12.9. வியாழனுக்கும் வெள்ளிக்கும் இடையில் 2 செ.மீ. அடுத்ததில் 6 செ.மீ., ஆனால் அது மூன்று நாள் வளர்ச்சி. நாளுக்கு அதே 2 செ.மீ. தான். வெள்ளியையும் திங்களையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் குறித்ததால் கோடு மூன்று மடங்கு செங்குத்தாகிவிட்டது. படித்திறன், அதாவது கோட்டின் சாய்வு, வளர்ச்சி வீதத்தைச் சொல்லும் என்று படிப்பித்துவிட்டு அதையே பொய் சொல்ல வைக்கிறோம்.

இதற்கு மூலம் அட்டவணை. "அளவு 1, அளவு 2" என்று தலைப்புப் போட்டால் பிள்ளை அதையே அச்சுக்குக் கொண்டுபோகும். தலைப்பை "ஊறவைத்து எத்தனையாம் நாள்" என்று மாற்று. ஊறவைத்த நாள் 0. புள்ளி வைக்கும் முன்னரே கிடை அச்சில் சனி, ஞாயிறு உட்பட எல்லா நாளையும் எழுதச் சொல். 1 செ.மீ. கட்டம் 1 நாள். நிலைக்குத்து அச்சில் 1 செ.மீ. கட்டத்துக்கு 2 செ.மீ. உயரம் போதும். 3 என்று எடுத்தால் 4.9ஐ எங்கே வைப்பது என்று தெரியாமல் அரை வகுப்பு தடுமாறும். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே கோட்டைப் புள்ளிக்கோடாக இழுக்கட்டும். அந்த இரண்டு நாளும் ஒருவரும் அளக்கவில்லை.

அடுத்தது அடிமட்டம். பிளாஸ்டிக் அடிமட்டத்தில் 0 விளிம்பில் இருப்பதில்லை, கொஞ்சம் தள்ளித்தான் தொடங்கும். மண்ணில் நிறுத்தி அளந்தால் அந்த இடைவெளி அளவுக்குக் குறைத்துக் காட்டும். மண்ணுக்குள் அழுத்தினால் கூட்டிக் காட்டும். தண்ணீர் விட விட மண்ணும் கீழே இறங்கும். ஒவ்வொரு கோப்பையிலும் ஓர் ஈர்க்கை அடிவரை குத்தி, முதல்நாள் மண்மட்டத்தில் பேனையால் கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். மேலே எதுவரை என்பதையும் முதலிலேயே முடிவு பண்ணு. தண்டின் நுனிதான், இலையின் நுனி அல்ல. அவரைக் குடும்பத்து இலைகள் பகலில் விரிந்து இரவில் தொங்குவன. இலையை அளந்தால் நீ அளப்பது நேரத்தையும் சேர்த்துத்தான். முளை கொக்கி போல வளைந்திருக்கும் நாட்களில் நூலை வளைவோடு வைத்து அளக்கட்டும். இல்லாவிட்டால் கொக்கி நிமிர்ந்த அன்று இன்னொரு பொய்ப் பாய்ச்சல் வரும்.

சராசரியில் ஒரு பொறி உண்டு. 12.1, 11.4, 12.8, 3.0, 11.7 என்று ஐந்து செடி. சராசரி 10.2. அந்த உயரத்தில் ஒரு செடிகூட இல்லை! இடையம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, 11.7, அதுதான் வகுப்பைச் சரியாகக் காட்டுகிறது. 3.0 ஏன் குட்டை என்று கோப்பையைக் கவிழ்த்துப் பார்க்கட்டும். அடியில் ஓட்டை அடைத்து வேர் அழுகியிருக்கலாம். செத்த செடிக்கு 0 போடவே கூடாது, வெற்றாக விட்டுக் காரணத்தை எழுத வேண்டும். ஆனால் அந்தக் குட்டைச் செடி செத்துப்போனால் சராசரி ஒரே நாளில் 12.0 ஆக ஏறும், ஒன்றுமே வளராமல். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் எத்தனை செடி என்று எழுதச் சொல்.

நாங்கள் இங்கே ஒப்பிடுவது குழாய்த் தண்ணீரையும் கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரையும். இரண்டு கோடு வரும், ஒன்று மேலே, ஒன்று கீழே. உடனே "உப்பு வளர்ச்சியைக் குறைக்கும்" என்று எழுத விடாதே. ஒவ்வொரு புள்ளியிலும் மிகக் கூடிய, மிகக் குறைந்த உயரங்களைச் சின்னக் குத்துக்கோட்டால் காட்டச் சொல். இரண்டு கூட்டத்துக் குத்துக்கோடுகளும் பெரும்பாலும் ஒரே உயரங்களுக்குள் வந்தால் ஐந்து செடியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மண் கடல்மணலாக இருந்தால் குழாய்த் தண்ணீர்க் கோப்பையிலும் உப்புத்தான். ஆற்றுமணலை எடு, அல்லது நன்றாகக் கழுவு.

அலுமாரிக்குள் வைத்த செடி வெளிச்சத்தில் இருந்ததைவிட உயர்ந்துவிட்டது, பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்றும் எழுதியிருந்தாய். எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் அதுதான். உயரம் வேறு, வளர்ச்சி வேறு. இருட்டில் தண்டு வெளிறி நீளும், அவ்வளவே. உலர்நிறையை, அதாவது ஈரமெல்லாம் போகக் காயவைத்த பின் உள்ள நிறையை, எடுத்துப் பார். 10 பயறு அரைக் கிராம் அளவுதான் வரும், பள்ளிக்கூடத் தராசு அதைச் சரியாகக் காட்டாது. ஆகவே நிறுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கூட்டத்துக்குப் புதிதாக 50 எடு. மண் ஒட்டாமல் ஈரப் பஞ்சில் முளைக்கவிட்டு, வேரோடு எடுத்து, அடுத்தடுத்த இரண்டு நிறுவையும் ஒன்றாக வரும்வரை காயவை. கழன்று விழுந்த விதையுறைகளையும் பொறுக்கிச் சேர்க்க வேண்டும், மறந்தால் அந்த இழப்பும் செடியின் கணக்கில் ஏறும். உயரக் கோடு ஏற ஏற உலர்நிறைக் கோடு இறங்கும். வித்திலையில் இருந்த சேமிப்பைச் சுவாசத்தில் செலவழித்துத்தான் அந்த உயரம். வெளிச்சத்தில் இருந்த கூட்டத்தில் பச்சை இலை விரிந்து ஒளித்தொகுப்பு நடக்கத் தொடங்கினால் நிறை திரும்ப ஏறும். அலுமாரிக் கூட்டத்தில் ஏறாது. இரண்டு வரைபையும் ஒரே கிடை அச்சில் மேலும் கீழுமாக வரையச் சொல்; பிறகு நீ ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

திருகோணமலை, ஹட்டன் வரைபுகளை ஒப்பிடலாம் என்ற யோசனை நல்லது. ஆனால் உன் கோடு பிந்தி எழும்பினால் குளிர்தான் காரணம் என்று முடித்துவிட முடியாது. மண், தண்ணீர், வெளிச்சம் எல்லாமே வேறு. விதையையும் மண்ணையுமாவது ஒன்றாக்குவோம். ஒரே பைக்கற்றுப் பயறில் பாதியும் கழுவிக் காயவைத்த ஆற்றுமணலும் அனுப்புகிறேன். கோப்பைக்கு 3 விதை, 2 செ.மீ. ஆழம், முளைத்ததும் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடு. தினமும் காலை 8 மணிக்கு வெப்பநிலையையும் குறி. வியாழன் பின்னேரம் ஊறப்போட்டு வெள்ளி விதைத்தால் இங்கே திங்களளவில் முளை வெளியே வரும், வேகமாக வளரும் நாளெல்லாம் பள்ளிக்கூட நாளாக அமையும். உனக்குக் கொஞ்சம் பிந்தும். அதற்காக முந்தி ஊறவைத்துவிடாதே, 0ஆம் நாள் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். எந்த வியாழன் என்று எழுது.

அன்புடன்,
குமார்