பிரித்துப்போட்ட கால் ஆர்மோனியம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் மிக்க மகிழ்ச்சி. முழங்கால் வலியால் வர முடியவில்லை. இப்போது தேவலை. மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பகல் முழுவதும் பின்கட்டுப் பட்டறையில்தான் இருக்கிறேன். அங்கே பெரிய வேலை ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது.

பக்கத்து ஊரில் ஒரு பழைய நாடகப் பின்பாட்டுக்காரரின் வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். பரணிலிருந்து இறக்கிய அவருடைய கால் ஆர்மோனியம் விறகோடு கிடந்தது. கேட்டு வாங்கி வந்துவிட்டேன். அடிப்பலகையைக் கரையான் தின்றிருக்கிறது. துருத்தித் தோலை எலி கடித்துக் குதறியிருக்கிறது. மிதிகளில் ஒன்றைக் காணோம். கட்டைகள் மழையில் ஊறி வீங்கி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அடியில் இருந்த இரும்பு ஸ்பிரிங்குகள் தொட்டவுடன் ஒடிந்தன.

கையால் துருத்தி போடும் ஆர்மோனியப் பெட்டி என்றால் ஒரு கை அதற்கே போய்விடும். கால் பெட்டியில் இரண்டு மிதிகளும் மாறி மாறிக் காற்றை ஊட்ட, இரு கைகளும் கட்டையில் இருக்கும். திருவிழா நாடகத்தில் கதாநாயகனான ராஜபார்ட் பாடி நிறுத்திய இடத்தில் பின்பாட்டுக்காரர் பிடித்து, தானும் பாடிக்கொண்டே இரண்டு கையாலும் வாசித்து அடுத்த அடிக்குக் கொண்டுபோய் விடுவாரே, அதற்குப் பெட்டியின் இந்த அமைப்பும் ஒரு காரணம்.

மரவேலை எனக்குப் பழக்கம்தான். செல்லரித்த பலகையை நீக்கிவிட்டுப் பழைய தேக்கில் வேறு வைத்துவிட்டேன். ஒட்டுவதற்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய பசையான வஜ்ஜிரம்தான். இன்றைய வெள்ளைப் பசை அதைவிட எளிது, ஆனால் அதில் ஒட்டியதைப் பிரிக்கப் போனால் மரமே பிய்ந்துவிடும். வஜ்ஜிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். நாளைக்கு இன்னொருவன் இந்தப் பெட்டியைப் பிரிக்க வேண்டி வரும் அல்லவா?

உன்னிடம் சொல்ல விரும்பியது பெட்டியில் ஒலி எழுப்பும் ரீடுகளைப் பற்றித்தான். ஒவ்வொரு ரீடும் ஒரு பித்தளைத் தகடு. அதில் நீளமாக ஒரு வெட்டு, அதன் மேல் ஒரு முனையில் மட்டும் தறைந்த மெல்லிய பித்தளை நாக்கு. காற்று போகும்போது நாக்கு ஓரத்தில் படாமல் வெட்டுக்குள் போய்வர வேண்டும். மயிரிழை தூசி போதும், ஊமையாகிவிடும். களிம்பைத் துடைத்துவிட்டு, நாக்கின் அடியில் மெல்லிய தாளை நுழைத்து இழுத்தேன். செத்துவிட்டது என்று நினைத்த ரீடுகளில் பெரும்பாலானவை பேசிவிட்டன.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு நாக்கிலும் அரம் உரசிய கீறல்கள். நுனியில் அராவினால் நாக்கு இலேசாகிச் சுருதி ஏறும். தறைந்த இடத்துக்கு அருகே சுரண்டினால் இறங்கும். எப்படிச் செய்தாலும் பித்தளை குறைகிறது, திரும்ப வராது. சில நாக்குகளில் இரண்டு இடத்திலும் கீறல் இருக்கிறது. யாரோ ஏற்றியதை வேறு யாரோ இறக்கியிருக்கிறார்கள்.

பெட்டி முழுவதுமே இன்று சுருதிக்குப் பொது அளவாக வைத்திருக்கும் 440 கணக்குக்கு (ஒரு சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு) சற்று மேலே நிற்கிறது. ரீடு முழுவதையும் புதிதாகப் போட்டுவிடச் சொன்னார் டவுனில் பெட்டி பழுது பார்ப்பவர். எனக்கு மனமில்லை. சுரங்கள் தமக்குள் ஒத்துப்போனால் போதும், 440 தேவையில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பெரும்பாலான ரீடுகள் எந்த உயரத்தில் நிற்கின்றனவோ, விலகியவற்றை மட்டும் அங்கே கொண்டுவருவேன். அராவ வேண்டியது மிகக் குறையும். பாடுகிறவருடைய குரலுக்கு ஏற்ற கட்டையை எடுப்பதுதானே நாடக மேடையில் வழக்கம்? புதுக் கீபோர்டோடு இது சேராது. சேராவிட்டால் போகட்டும்.

அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் வராது, சுரங்களைச் சமமாகக் கூறுபோட்ட கருவி என்றார்கள். அந்தத் தடை தளர்ந்ததே 1971இல்தான். கமகம் பற்றிச் சொன்னது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் மைக் இல்லாத காலத்தில் விடிய விடியப் பாடியவருக்குச் சுருதி கொடுத்தது இந்தப் பெட்டிதான். தெருவில் உட்கார்ந்து கேட்ட நமக்குச் சுரம் காதில் ஏறியதும் இதனால்தான். அந்த நன்றிக்காகவாவது இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

இனி துருத்திதான் பாக்கி. ரெக்சின் போட்டால் மடிப்பில் வெடித்துவிடும், தோல்தான் வேண்டும். தோல் பதனிடும் வாணியம்பாடியில் இருக்கிற உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்? ஆட்டுத்தோல், கனம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம். சாயம் ஏற்றாதது, மடித்தால் முறுக்காமல் படிய வேண்டும். வாயில் வைத்து ஊதிப் பார், காற்று ஊடுருவக் கூடாது. இரண்டு முழுத்தோல் போதும். விலையை எழுது, மறுநாளே பணம் அனுப்பிவிடுகிறேன். பார்சலில் மடித்துவிடாதே, குழாயில் சுருட்டி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்